மேய்ச்சல் நிலத்தில் பதினெட்டுக் குழிகள்

1

சாட்டிலைட் படத்தில் கோல்ஃப் மைதானத்தைக் கண்டுபிடிப்பது ரொம்ப சுலபம். சுற்றிலும் பாலைவனமோ நகரமோ எது இருந்தாலும் அந்த ஓர் இடம் மட்டும் கெட்டிப் பச்சையாக இருக்கும். நடுநடுவே மணல் பொட்டுகள், ஓரத்தில் ஒரு செயற்கைக் குளம். தண்ணீரும் உரமும் பணமும் எங்கே கொட்டப்படுகின்றன என்பதை மேலிருந்தே சொல்லிவிடலாம்.

ஆஸ்கர்நிஷ் மைதானத்தை கூகுள் மேப்ஸில் தேடிய அன்று எனக்கு அது சிக்கவில்லை. பெயரைத் தட்டினால் குறி ஓரிடத்தில் போய் நிற்கிறது. மேற்கே அட்லாண்டிக் கடல், நீண்ட வெள்ளைக் கடற்கரை, அதையொட்டி மணல்மேடுகள், அப்புறம் வெளிறிய புல்வெளி. கோல்ஃப் எங்கே? நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தபிறகுதான் புல்லுக்குள் கொஞ்சம் ஒட்ட வெட்டப்பட்ட திட்டுகள் கண்ணில் பட்டன. அவ்வளவுதான். மைதானம் என்று சொல்லாவிட்டால் மைதானம் என்று தெரியாது.

ஸ்காட்லாந்தின் மேற்கே, அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவு வரிசையில் சவுத் யூயிஸ்ட் என்றொரு தீவு. வடக்குத் தெற்காகச் சுமார் முப்பது கிலோமீட்டர் நீளம். 2011 கணக்கெடுப்பின்படி 1,754 பேர். பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள்; கேலிக் மொழி இன்னும் புழங்கும் ஊர்கள். கிழக்குப் பக்கம் மலையும், பீட் என்கிற கறுத்த சதுப்பு மண்ணும். மேற்குப் பக்கம் கடலோரமாக நீளும் தட்டையான புல்வெளி. ஆஸ்கர்நிஷ் இந்த மேற்குப் பக்கத்தில் இருக்கிறது. கோல்ஃப் பிரியர்கள் மத்தியில் இதற்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: தொலைந்துபோய்த் திரும்பக் கிடைத்த மைதானம்.

எனக்கு கோல்ஃப் ஆடத் தெரியாது. ஆடும் ஆசையும் கிடையாது. ஆனால் அந்தத் 'தொலைந்துபோய்' என்ற சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. நிலம் எப்படிங்க தொலையும்? பேனா தொலையலாம், சாவி தொலையலாம். ஓர் ஊரின் பக்கத்தில் இருக்கும் நிலம் தொலைந்துவிட்டது என்றால், அது யாருடைய கண்ணிலிருந்து தொலைந்தது? அத்தனை வருடமும் அங்கே யார் இருந்தார்கள்? இந்தக் கேள்விக்குப் பின்னால் போனதில் தெரிந்துகொண்டவைதான் இக்கட்டுரை.

2

அந்தத் தட்டையான புல்வெளிக்கு கேலிக் மொழியில் மாக்கர் என்று பெயர். ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரைகளிலும் அயர்லாந்தின் மேற்குக் கரையிலும் மட்டுமே உள்ள நிலவகை இது. சிப்பியும் கிளிஞ்சலும் அலையில் அரைபட்டு, சுண்ணாம்பு நிறைந்த மணலாகி, காற்றில் பறந்து வந்து கரையில் படிந்து உருவானது. தீவின் உள்ளே இருக்கும் பீட் மண்ணில் அமிலம் அதிகம், எதுவும் எளிதில் விளையாது. கிளிஞ்சல் மணல் வந்து கலக்கும் இடத்தில் மட்டும் மண் திருந்துகிறது. அதனால் அந்தத் தீவுகளில் சோறு போடும் நிலம் என்றால் அது மாக்கர்தான்.

மணல் மட்டும் இருந்தால் அது மாக்கர் ஆகிவிடாது. குளிர்காலப் புயலில் கரையொதுங்கும் கடற்பாசியை ஊர்க்காரர்கள் அள்ளிவந்து மண்ணில் போட்டார்கள். ஒரு துண்டில் இரண்டு வருடம் ஓட்ஸ், ரை, பார்லி. பிறகு அதைத் தரிசாக விட்டுவிட்டு அடுத்த துண்டு. கோடையில் மாடுகளை மலைப்பக்கம் ஓட்டிவிடுவார்கள். அந்த மாதங்களில் மாக்கர் முழுக்கப் பூ. பூ காய்ந்து விதை விழுந்தபிறகு குளிர்காலத்தில் மாடுகள் திரும்பி வரும். புல்லை மேய்ந்து குட்டையாக்கும், சாணம் போடும். மறுபடியும் கோடை. பிரிட்டனின் பெரும்பகுதியில் காணாமல்போன கார்ன்கிரேக் என்ற பறவை இங்கே இன்னும் குஞ்சு பொரிக்கிறது என்றால், இந்தச் சுற்று நிற்காமல் நடப்பதால்தான். சுற்றுலாப் படங்களில் 'தீண்டப்படாத இயற்கை' என்று போடுகிறார்களே, அதில் பாதி மாட்டின் வேலை, மீதியில் பாதி மனிதரின் முதுகுவலி.

கோல்ஃப் பிறந்ததும் இதைப்போன்ற நிலத்தில்தான். கடலுக்கும் வயலுக்கும் நடுவே உழவுக்கு உதவாத மணற்பாங்கான புல்தரையை ஸ்காட்லாந்தில் லிங்க்ஸ் என்பார்கள். ஆடும் முயலும் கொறித்துக் கொறித்துப் புல் தானாகவே ஒட்ட வெட்டியதுபோல இருக்கும். குளிர்காற்றுக்கு ஒதுங்கி ஆடுகள் படுத்துத் தேய்த்த மணல் பள்ளங்கள்தான் பின்னாளில் பங்க்கர் ஆயின என்று சொல்வார்கள்.

இந்த லிங்க்ஸ் நிலம் யாருக்குச் சொந்தம் என்பது அங்கே ஆதியிலிருந்தே சிக்கலான விஷயம். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 1552-இல் பேராயர் ஜான் ஹாமில்டன் ஒரு சாசனத்தில் கையெழுத்துப் போட்டார். லிங்க்ஸில் முயல் வளர்க்க அவருக்கு உரிமை. அதே நிலத்தில் கோல்ஃப், கால்பந்து ஆடவும், கால்நடை மேய்க்கவும் ஊராருக்கு உரிமை. ஒரே நிலம், பல உரிமைகள். சாஃப்ட்வேரில் ஒரே ஃபைலுக்கு ஆளாளுக்கு வேறு வேறு பெர்மிஷன் கொடுப்போம் இல்லையா, அந்த மாதிரி. ஆனால் கடனில் மூழ்கிய நகரசபை 1790-களின் இறுதியில் நிலத்தைக் கைமாற்ற, அது முயல் வியாபாரிகளிடம் போய்ச் சேர்ந்தது. முயல்கள் மைதானம் முழுக்க வளை தோண்டின. கோல்ஃப்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். கடைசியில் 1821-இல் ஜேம்ஸ் சீப் என்ற உள்ளூர் நிலக்கிழார் அதை வாங்கியபிறகுதான் சண்டை ஓய்ந்தது.

அதே 1821-இல் அதே ஊரில் ஒரு நெசவாளியின் வீட்டில் ஒரு குழந்தை பிறந்தது. பெயர் டாம் மோரிஸ்.

3

பிற்காலத்தில் 'ஓல்டு டாம்' என்று அழைக்கப்பட்ட மோரிஸ் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியை நான்கு முறை வென்றவர்: 1861, 1862, 1864, 1867. பந்து செய்வார், மட்டை செய்வார், செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தைப் பராமரிப்பார். அது போக ஊர் ஊராகப் போய்ப் புது மைதானங்களுக்கு இடம் குறித்துக் கொடுப்பார். இன்று போல புல்டோசர் வைத்து மலையைப் புரட்டும் வேலை இல்லை. நிலத்தில் நடந்து, மேடு பள்ளம் பார்த்து, 'இங்கிருந்து அடி, அங்கே குழி' என்று குச்சி நட்டுவிட்டுப் போவதுதான் அப்போதைய வடிவமைப்பு.

1891-இல், எழுபது வயதில், மோரிஸ் சவுத் யூயிஸ்டுக்கு வந்தார். கூடவே ஹொரேஸ் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய அமெச்சூர் சாம்பியன். ஆஸ்கர்நிஷ் பண்ணையின் மாக்கரையும் மணல்மேடுகளையும் பார்த்து அங்கே மைதானத்தைக் குறித்துக் கொடுத்தார். அழைத்தவர் தீவின் சொந்தக்காரி, எமிலி கார்டன் கேத்கார்ட் சீமாட்டி. ஆமாம், தீவின் சொந்தக்காரிதான். சவுத் யூயிஸ்ட், பென்பெக்யூலா, பாரா எல்லாம் சேர்த்து ஒரு குடும்பத்தின் சொத்து.

கோல்ஃப் வரலாற்றில் கதை இந்த 1891-இல் ஆரம்பிக்கும். தீவுக்காரர்கள் கதையை நாற்பது வருடம் முன்னால் ஆரம்பிப்பார்கள்.

எமிலியின் முதல் கணவரின் தந்தை கர்னல் ஜான் கார்டன். டொபாகோ தீவில் அடிமைகளை வைத்திருந்தவர். அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது அரசாங்கத்திடம் இழப்பீடு வாங்கியவர். அதாவது அடிமைகளுக்கு அல்ல, எசமானர்களுக்குத்தான் இழப்பீடு. 1838-இலிருந்து சில வருடங்களுக்குள் அவர் இந்தத் தீவுகளை விலைக்கு வாங்கினார். கடற்பாசியை எரித்துச் சாம்பல் எடுக்கும் தொழில் அதற்கு முன்பே படுத்துவிட்டது. 1846-இல் உருளைக்கிழங்கு நோய் வந்து பஞ்சம். குத்தகை வராத குடியானவர்களைவிட ஆட்டுப் பண்ணை லாபம் என்று கணக்குப் போட்டார் கர்னல். 1851-இல் மட்டும் அவருடைய தீவுகளிலிருந்து சுமார் 1,700 பேர் கப்பலேற்றப்பட்டு கனடாவின் கியூபெக்கில் இறக்கிவிடப்பட்டார்கள். கையில் காசில்லை, போட்டுக்கொள்ள ஒழுங்கான துணியில்லை. விருப்பமில்லாதவர்களைத் துரத்திப் பிடித்துக் கட்டிக் கப்பலில் ஏற்றியதை நேரில் கண்டவர்கள் முப்பது வருடம் கழித்தும் சாட்சி சொன்னார்கள்.

அப்படி யாரிடம் சாட்சி சொன்னார்கள் என்று தேடியபோதுதான் எனக்குக் கொஞ்சம் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெயர் சென்னைக்காரர்கள் தினமும் கடந்துபோகும் பெயர்.

4

கடற்கரைச் சாலையில் கூவத்தின் முகத்துவாரத்துக்கு மேலே வளைவு வளைவாக நிற்கும் நேப்பியர் பாலம். 2022 செஸ் ஒலிம்பியாட் சமயத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டமாக அடித்து, எல்லாரும் செல்ஃபி எடுத்தார்களே, அதேதான். அங்கே 1869-இல் பாலம் கட்டப்பட்டபோது மதராஸ் கவர்னராக இருந்தவர் ஃபிரான்சிஸ் நேப்பியர் பிரபு. 1866-இலிருந்து 1872 வரை பதவியில் இருந்தார். மதுரை திருமலை நாயக்கர் மகாலைப் பழுது பார்க்க வைத்தவரும் அவரே. 1872-இல் வைஸ்ராய் மேயோ பிரபு அந்தமானில் குத்திக் கொல்லப்பட்டதும் சில மாதங்கள் தற்காலிக வைஸ்ராயாக இருந்துவிட்டு ஊர் திரும்பினார்.

பத்து வருடம் கழித்து ஸ்காட்லாந்தின் தீவுகளில் நிலப்போராட்டம் வெடித்தது. 1882-இல் ஸ்கை தீவில் மேய்ச்சல் நிலத்துக்காகக் குடியானவர்கள் போலீஸோடு கைகலந்தார்கள். அரசாங்கம் விசாரணை ஆணையம் அமைத்தது. தலைவர் நேப்பியர். 1883-இல் ஆணையம் தீவு தீவாகப் போனது. 61 இடங்களில் 775 பேரிடம் வாக்குமூலம் பதிவு செய்தது. சவுத் யூயிஸ்டுக்கும் வந்தது. அதுவரை யாரும் எழுதிவைக்காத சங்கதிகள், கேலிக்கில் சொல்லப்பட்டு மொழிபெயர்ப்பாளர் வழியாக அரசாங்கக் காகிதத்தில் ஏறின. 1851-இன் கப்பல்களும் அப்படித்தான் ஏறின.

1884-இல் வந்த அறிக்கையில் நேப்பியர் சொன்ன முக்கியமான யோசனை, அங்குள்ள 'டவுன்ஷிப்'பை, அதாவது ஊரைச் சட்டம் ஓர் அலகாக அங்கீகரிக்கவேண்டும் என்பது. தனி ஆளின் வயலைப்போலவே ஊரின் பொது மேய்ச்சலுக்கும் பாதுகாப்பு வேண்டும், நிலம் போதாத ஊருக்கு அதை விரிவாக்கும் வழியும் வேண்டும் என்றார். நேப்பியர் ஒன்றும் புரட்சிக்காரர் அல்ல. அவரும் ஒரு நிலக்கிழார். ஆனாலும் ஆறு வருடம் மதராஸில் கவர்னராக இருந்தவருக்கு ஊர்ப்பொது என்கிற விஷயம் புதிதாக இருந்திருக்காது. நம்மூர் வருவாய்க் கணக்கில் இன்றும் மேய்க்கால் புறம்போக்கு என்றொரு வகை இருக்கிறது. யார் பெயரிலும் பட்டா இல்லாத நிலம், ஆனால் ஊர் மாடு முழுக்க மேயும் நிலம். வெளியிலிருந்து பார்த்தால் காலி. உள்ளே இருந்து பார்த்தால் நிறைய.

1886-இல் வந்த சட்டம் நேப்பியரின் ஊர் யோசனையை விட்டுவிட்டது. அதற்குப் பதில் கிராஃப்டர் எனப்படும் சிறு குத்தகைக் குடியானவர்களுக்குத் தனித்தனியாகப் பாதுகாப்புக் கொடுத்தது: இனி அவர்களை இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது, குத்தகையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. ரொம்பப் பெரிய விஷயம்தான். ஆனால் அதில் ஓர் ஓட்டை. கையில் இருக்கும் நிலத்துக்குத்தான் பாதுகாப்பு. ஏற்கெனவே பிடுங்கப்பட்டுப் பெரிய பண்ணைகளாகிவிட்ட நிலத்தைச் சட்டம் திருப்பித் தரவில்லை.

ஆஸ்கர்நிஷ் அப்படியொரு பெரிய பண்ணை. ஓல்டு டாம் குச்சி நட வந்தபோது சட்டத்துக்கு வயது ஐந்து. அவர் கண்ணுக்கு அந்த மணல்மேடுகள் காலியாகத் தெரிந்ததில் தப்பில்லை. அது காலியாக்கப்பட்ட நிலம் என்பது மேட்டில் எழுதி ஒட்டியிருக்காது.

5

எங்கள் தொழிலில் 'கிரீன்ஃபீல்டு புராஜெக்ட்' என்றால் எல்லோருக்கும் வாயில் எச்சில் ஊறும். பழைய கோடு இல்லை, யாரோ செய்த தப்பைச் சுமக்கவேண்டாம், எல்லாம் புதிதாக ஆரம்பிக்கலாம். பதினைந்து வருட அனுபவத்தில் உண்மையான கிரீன்ஃபீல்டை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. எங்கோ ஒரு பழைய டேபிள் இருக்கும், அதை நம்பி எங்கோ ஒரு கிளார்க் வேலை செய்துகொண்டிருப்பார். நாம் அதை டிராப் பண்ணிய மறுநாள் போன் வரும்.

ஹெப்ரிடீஸில் அந்த போன் கொஞ்சம் தாமதமாக வந்தது. 1908-இல் கேத்கார்ட் சீமாட்டிக்குச் சொந்தமான வாட்டர்சே என்ற குட்டித் தீவில் நிலமில்லாத குடியானவர்கள் புகுந்து குடிசை போட்டு உருளைக்கிழங்கு நட்டார்கள். பத்துப் பேருக்கு இரண்டு மாதச் சிறைத்தண்டனை. ஸ்காட்லாந்து முழுக்க எதிர்ப்புக் கிளம்ப, 1909-இல் அரசாங்கமே தீவை விலைக்கு வாங்கிப் பிரித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. முதல் உலகப்போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களும் நிலம் கேட்டார்கள். 1920-களின் தொடக்கத்தில் ஆஸ்கர்நிஷ் பண்ணையும் உடைக்கப்பட்டுக் கிராஃப்டர்களிடம் வந்தது. மணல்மேடுகளும் புல்வெளியும் அவர்களுடைய பொது மேய்ச்சல் ஆயின.

கோல்ஃப் நின்றுவிடவில்லை, சுருங்கியது. 1930-களில் மைதானத்தின் தட்டையான பகுதியில் விமானங்கள் இறங்கின. காலப்போக்கில் ஒன்பது குழிதான் மிஞ்சியது. மணல்மேட்டுப் பக்கம் இருந்த குழிகளை நாணல் போன்ற மாரம் புல் மூடிவிட்டது. உள்ளூர்க்காரர்கள் சிலர் மிச்சமிருந்ததை வெட்டிச் சரிசெய்து ஆடிக்கொண்டே இருந்தார்கள். மற்ற இடத்தில் ஆடும் மாடும் மேய்ந்தன. கோல்ஃப் உலகம் 'தொலைந்துவிட்டது' என்று சொல்லும் காலம் இதுதான். தீவின் பக்கமிருந்து பார்த்தால், பறிபோன நிலம் திரும்பக் கிடைத்த காலமும் இதுதான்.

6

2005-இல் கோர்டன் இர்வின் என்ற மைதான நிபுணர் தீவுக்கு வந்தார். ஓல்டு டாம் இங்கே மைதானம் போட்டிருக்கிறாராமே என்று பார்க்க வந்தவருக்கு, இருந்த ஒன்பது குழிகளில் அவர் கைவண்ணம் எதுவும் தெரியவில்லை. மணல்மேட்டின் மேல் ஏறிப் பார்த்தார். மேடும் பள்ளமும் பச்சைப் புல்லும் கடலும். அசலான இடம் இதுதான் என்று முடிவு கட்டினார். 1891-இன் வரைபடம் எதுவும் மிஞ்சவில்லை. மார்ட்டின் ஈபர்ட் என்ற வடிவமைப்பாளரும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து, ஓல்டு டாம் இடத்தில் தாங்கள் இருந்தால் எங்கே குழி வைத்திருப்போம் என்று நிலத்தைப் படித்துப் படித்துப் பதினெட்டையும் குறித்தார்கள். டாக்குமென்டேஷன் இல்லாத பழைய கோடை, எழுதியவனின் மனசுக்குள் புகுந்து திருப்பி எழுதுவது மாதிரி. 2008-இல் மைதானம் மறுபடி திறக்கப்பட்டது. ரசாயன உரம் இல்லை, மண்ணைப் புரட்டவில்லை, வெட்டுவது மட்டும்தான்.

இதற்கு நடுவே இன்னொரு பெரிய சம்பவம். 2006 நவம்பரில் சவுத் யூயிஸ்ட் எஸ்டேட்டைத் தீவு மக்களே விலைக்கு வாங்கிவிட்டார்கள். சுமார் 93,000 ஏக்கர், விலை 45 லட்சம் பவுண்டு. ஸ்டோரஸ் யூயிஸ்ட் என்ற மக்கள் நிறுவனம் நிலச்சொந்தக்காரர் ஆனது. கர்னலும் சீமாட்டியும் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது ஊர்.

சுபம் போட வேண்டிய இடம். ஆனால் போட முடியவில்லை. தங்கள் மேய்ச்சல் நிலத்தில் மைதானம் விரிவதை எதிர்த்துக் கிராஃப்டர்கள் சிலர் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

முதலில் இதை வாசித்தபோது எனக்கு மனம் தானாகவே ஒரு பக்கம் சாய்ந்தது. பணக்கார விளையாட்டு ஒருபுறம், ஏழை விவசாயி மறுபுறம் என்று. அவ்வளவு எளிதில்லை. மைதானத்துக்காக மல்லுக்கட்டியவர்களும் தீவுக்காரர்கள்தான். பள்ளிக்கூடம் முடித்த பிள்ளை கிளாஸ்கோவுக்குப் போனால் திரும்பி வருவதில்லை. நாலு பேருக்கு வேலை, விடுதிக்குக் கொஞ்சம் கூட்டம், ஊருக்கு ஒரு பெயர். இதைத்தான் அவர்கள் கேட்டார்கள். மேலும் இங்கே கோல்ஃப் நேற்று முளைத்ததில்லை, நூறு வருடப் பழக்கம்.

எதிர்த்தவர்களின் பயமும் பொய்யில்லை. இன்று பதினெட்டுக் குழி. நாளை வேலி, விடுதி, 'மாட்டை அந்தப்பக்கம் ஓட்டு' என்று ஒரு பலகை. தீவில் நிலம் எப்படிப் போனது என்பதைப் பாட்டனிடம் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். முதலில் போனது நிலம் அல்ல, 'உங்களைக் கேட்கவேண்டும்' என்கிற மரியாதை. கேட்காமல் ஓர் அங்குலம் எடுத்தாலும் 1851 ஞாபகம் வரும். சொந்தக்காரர் சீமாட்டியாக இருந்தாலும் சரி, சொந்த ஊராக இருந்தாலும் சரி.

இங்கேதான் நேப்பியரின் கைவிடப்பட்ட யோசனை மறுபடி நினைவுக்கு வருகிறது. ஊரிடம் நிலம் போய்ச்சேர 120 வருடம் ஆயிற்று. ஆனால் ஊர் என்பது ஒரே ஆள் இல்லை. அதற்குள் மாடு வைத்திருப்பவர், வைக்காதவர், தங்கியவர், திரும்பி வந்தவர் என்று பலர். சொத்துரிமை கைமாறுவது பத்திரத்தில் ஒரு கையெழுத்து. ஒரே புல்தரையில் யார் எப்போது நிற்கலாம் என்பதை மட்டும் எந்தப் பத்திரமும் ஒரே தடவையில் தீர்த்துவைக்காது. வருடாவருடம் பேசித்தான் ஆகவேண்டும்.

அந்தப் பேச்சுக்கு நிலமே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மாடும் ஆடும் குளிர்காலத்தில் மேயாவிட்டால் அந்தப் புல் முரடாகிவிடும், பூ குறைந்துவிடும். ரசாயனம் தொடாத மைதானம் என்று உலகம் முழுவதிலிருந்தும் ஆட வருகிறார்களே, அந்தத் தரையைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தது மேய்ச்சல். கிராஃப்டர்களை ஒதுக்கிவிட்டு ஓல்டு டாமின் மைதானத்தை வைத்துக்கொள்ள முடியாது. கொஞ்ச வருடத்தில் அது வேறு மைதானம் ஆகிவிடும். இன்றும் ஆஸ்கர்நிஷில் குளிர்காலம் வந்தால் கால்நடைகள் மைதானத்துக்குள் மேய்கின்றன. கோடையில் பந்து உருளும் அதே இடத்தில்.

இதை எழுதி முடிக்கும் முன் இன்னொரு தடவை மேப்பைத் திறந்து பார்த்தேன். அதே வெளிறிய புல்வெளி. பெரிதாக்கிக்கொண்டே போனால் ஓரிடத்தில் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள், ஒன்றையொன்று ஒட்டி. அந்த உயரத்திலிருந்து கோல்ஃப் பந்து தெரிய வாய்ப்பே இல்லை. ஆடுகளாகத்தான் இருக்கவேண்டும்.